இராகுலன் கேட்ட பங்கு



மும்மணிகளை வணங்கித் தொடங்குகின்றோம். சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று அந்தமான் தீவின் தலைநகரில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசினர் பெயர் மாற்றியிருப்பினும் பலர் வாயில் இன்னும் போர்ட் பிளேர் என்றே வழங்கும் அந்நகரில், அன்பர் ஒருவர் இல்லத்தில் நாம் நிகழ்த்திய உரையை எழுத்தில் தருமாறு சிலர் கேட்டனர். பேசியதெல்லாம் பேசிய முறையிலேயே நினைவில் நிற்கவில்லை. பேச நேர்ந்த காரணமோ மறவாமல் நிற்கின்றது. ஆகவே அதனையே முதலிற் கூறுவோம்.

அன்பர் முப்பது வயதுக்குட்பட்டவர். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையிற் பணி. அவருடைய தந்தையார் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடிக் கப்பலேறியவர். தீவிலேயே வீடு கட்டி, தீவிலேயே மறைந்தவர். மலைச்சரிவில் தகரக் கூரை வேய்ந்த அவ்வீட்டில் மூன்று திங்களுக்கு முன் ஒரு பெண்மகவு பிறந்திருந்தது. திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிக் குழந்தைக்குப் பெயரிடும் பொருட்டே நம்மை அழைத்திருந்தனர்.

நிகழ்ச்சி தொடங்குமுன் அந்த இளைஞர் நம்மைத் தனியே வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே மழைநீர் ஓடும் ஓடை ஒன்று கோடையில் வறண்டு கிடந்தது. அதன் பள்ளத்தில், குழந்தைகளுக்குக் கட்டிவிட்டுத் தூக்கி எறியும் டயப்பர்கள் ஒரு சிறு குன்றாகக் குவிந்து கிடந்தன. நாய்கள் இழுத்துப் போட்டவை சரிவெங்கும் சிதறியிருந்தன. நாளொன்றுக்கு ஆறு என்று கொண்டால் மூன்று திங்களில் 500க்கு மேலாகின்றன அல்லவா? குப்பை எடுப்போர் வரும் நேரத்தில் தாம் பட்டறையில் இருப்பதாகவும், பிள்ளை பெற்ற உடம்போடு மனைவி அவ்வளவு தூரம் இறங்கிச் செல்ல இயலாதென்பதால் இருளில் தாமே இங்கே வீசிவிடுவதாகவும் அவர் ஒளியாமற் கூறினார். "இன்னும் சில நாளில் மழை பிடித்துக்கொள்ளும் ஐயா. இது அத்தனையும் கடலுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடலில்தான் நான் தூண்டில் போடுகிறேன்" என்றார்.

பின்னர்ச் சபையில் அமர்ந்தபோது அவர் வேறொரு கேள்வி கேட்டார். "மகன் பிறந்த செய்தி கேட்டதும் பகவான் 'தளை பிறந்தது' என்று சொன்னாராம், அதனால்தான் பிள்ளைக்கு இராகுலன் என்று பெயர் வந்ததாம். அப்படியானால் என் மகள் எனக்குத் தளையா? வீட்டில் இருந்துகொண்டே தம்மத்தில் நடக்க முடியாதா?"

முன்னது குப்பையைப் பற்றிய செய்தி. பின்னது சமயத்தைப் பற்றிய வினா. இரண்டும் ஒன்றேயென்று நமக்கு அப்பொழுதே தோன்றிற்று.

தளை என்னும் சொல் பழைய கதைகளில் உள்ளதுதான். மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சொல்லோடு கதையை நிறுத்திவிடுவோர் பகவானைப் பிள்ளையை வெறுத்த தந்தையாக்கிவிடுகின்றனர். நமக்கு வழிகாட்டிய பாபாசாகேப் அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், சித்தார்த்தர் இல்லம் நீங்கிய காரணத்தை வேறு வகையாகக் காட்டுகின்றார். சாக்கியர்க்கும் கோலியர்க்கும் நடுவே உரோகிணி ஆறு ஓடிற்று. அதன் நீரை யார் முதலிற் பாய்ச்சுவதென்னும் பூசல் போராக மூள இருந்தது. போர் வேண்டாவென்று சாக்கியர் சங்கத்தில் எழுந்து நின்று மறுத்தவர் சித்தார்த்தர். பெரும்பான்மையோர் போருக்கே இசைந்தனர். தம் குடும்பத்தார்க்குத் தீங்கு நேராவண்ணம் நாடு நீங்குதலை அவர் தாமே ஏற்றுக்கொண்டார். நள்ளிரவில் ஒளிந்து ஓடவில்லை; பெற்றோரிடமும் யசோதரையிடமும் சொல்லிவிட்டே சென்றார்.

அன்பர்களே, நீங்கள் இருப்பது நீர்ப்பஞ்சம் அறிந்த ஊர். ஆகவே இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையை உடைய ஓர் இளந்தந்தை ஆற்று நீருக்காக மனிதர் ஒருவரையொருவர் கொல்லலாகாது என்று சொன்னார். அதற்கு விலையாக வீட்டை இழந்தார். பிள்ளையின்மேல் அன்பில்லாதவர் செய்யும் செயலா இது? பகவான் புத்தராகி மீண்டபின் அதே உரோகிணிக் கரையில் படைகள் எதிர்நின்றபோது நடுவே சென்று, நீருக்கு விலை அதிகமா, மனிதர் உயிருக்கு விலை அதிகமா என்று வினவி அவர்களைத் திருப்பி அனுப்பினார் என்றும் பழைய உரைகள் கூறுகின்றன.

தந்தையன்பு எத்தகையதென்பதைத் திரிபிடகத்தில் சொன்னவரோ வேறொருவர். அவர் பகவானின் தந்தையாகிய சுத்தோதனர். பகவான் கபிலவத்துவுக்குத் திரும்பி வந்தபோது யசோதரை சிறுவன் இராகுலனிடம் "அவரே உன் தந்தை, போய் உன் பங்கைக் கேள்" என்று அனுப்பினாள். பிள்ளை பின்னாலேயே நடந்து சென்று, "என் பங்கைத் தாரும், என் பங்கைத் தாரும்" என்று கேட்டுக்கொண்டே போனான். பொன்னும் நிலமும் பகவானிடம் இல்லை. இருந்ததையே தந்தார்: சாரிபுத்தரை அழைத்துப் பிள்ளையைச் சங்கத்திற் சேர்ப்பித்தார். பேரனையும் இழந்த சுத்தோதனர் ஓடிவந்து, பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, தோலை அறுத்துச் சதையை அறுக்கிறது, சதையை அறுத்து நரம்பையும் எலும்பையும் அறுத்து மச்சையில் போய் நிற்கிறது என்று முறையிட்டார்; இனிப் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் ஏற்கலாகாது என்று வேண்டினார். பகவான் அக்கணமே அதனை விதியாக்கினார். ஒரு முதியவரின் கண்ணீருக்காகச் சங்கத்துக்கே புது விதி பிறந்தது. தளை என்னும் சொல்லை நினைவில் வைத்திருக்கும் நம்மவர் இதை ஏன் மறந்தனரோ!

ஆகவே, தம்பி, உம் மகள் தளை அல்லள். ஆனால் அவள் பங்கு கேட்பாள். இன்று பேச்சு வரவில்லை. பாலுக்கு மட்டும் அழுகிறாள். நாளை நடந்து வந்து, இராகுலன் போலவே, உம் பின்னால் நின்று கேட்பாள். சிகாலனுக்கு உபதேசித்த சூத்திரத்தில் பெற்றோர் கடமைகள் ஐந்தைப் பகவான் வகுத்தருளினார். தீயதினின்று தடுத்தல், நல்லதிற் செலுத்தல், தொழில் கற்பித்தல், தக்க துணை தேடித்தருதல், உரிய காலத்தில் செல்வத்தை ஒப்படைத்தல். முதல் நான்கையும் யாவரும் அறிவர். ஐந்தாவதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நாட்கூலியும் மாதச் சம்பளமுமாக வாழும் நமக்கு ஒப்படைக்க என்ன செல்வம் இருக்கிறதென்று நினைப்பீர். நிலமில்லா மக்களின் வழிவந்தவர்களாயிற்றே நாம்! ஆயினும் தீவில் பிறந்த பெண்ணுக்கு அவள் தந்தை விட்டுச்செல்லும் உண்மையான சொத்து குடிநீரும், கடலும், காடுமே. அவை பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. தந்தை நாள்தோறும் எதைச் செலவழிக்காமல் விட்டுவைக்கிறாரோ அதுவே அவளுக்குப் பங்கு.

நீரையே முதலிற் கொள்வோம். அந்தமானில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. தமிழ்நாட்டில் பெய்வதைப்போல் மும்மடங்கு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே வாரி வழங்குகின்றன. இருந்தும் சனவரி முதல் ஏப்ரல் வரை குழாய்கள் நாள் விட்டு நாளும் அதற்கு மேலும் இடைவெளிவிட்டே சுரக்கின்றன. வானம் குறை வைத்ததன்று இது. மலைகள் செங்குத்தானவை, ஓடைகள் குட்டையானவை. பெய்த நீர் தங்குவதற்குள் கடலை அடைந்துவிடுகின்றது. நகருக்கு முதன்மையாக நீர் தருவது 1973இல் கட்டப்பெற்ற தனிக்காரி அணை. அணை ஒன்று, குடிகளோ ஆண்டுதோறும் பெருகுகின்றனர். போதாக்குறைக்கு, 2004 டிசம்பர் 26ஆம் நாள் நில நடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது தென் அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கத்தில் நெல் விளைந்த வயல்களில் கடல் ஏறியது, ஏறியது இறங்கவில்லை. தந்தை மகனுக்கு வைத்துச்சென்ற கழனி ஒரே காலையில் உப்பங்கழியாயிற்று. அநித்தியம் என்று நாம் ஓதுவதை அம்மக்கள் கண்ணாற் கண்டனர். அது இயற்கை செய்தது. அதற்கு யாரும் பொறுப்பாளி அல்லர். ஆனால் உம் வீட்டின் பின்னுள்ள ஓடையில் கிடப்பது?

இவ்விடத்தில் அன்பரின் தாயார் குறுக்கிட்டார். "இவனையும் இவன் தங்கைகளையும் டயப்பரிலா வளர்த்தேன்? கிழிந்த வேட்டிதான். தூளியும் பழைய சேலைதான்" என்றார். சபையில் பலர் தலையசைத்தனர். நாமும் மகிழ்ந்து, ஆனந்த தேரர் உதயன மன்னனுக்குச் சொன்ன மறுமொழியை எடுத்துரைத்தோம். அரசியர் ஐந்நூறு ஆடைகளைத் தேரருக்கு அளித்தனர் என்று கேட்ட கோசாம்பி மன்னன், இத்தனை ஆடையை வைத்து இவர் என்ன செய்வார், கடை வைப்பாரோ என்று ஐயுற்று வந்து வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். கிழிந்தவற்றை? மேல்விரிப்பு ஆக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறை ஆக்குவோம். பழைய உறையை? தரைவிரிப்பு. அதுவும் பழையதானால்? கால்துடைக்கும் துணி, பின்பு தூசி தட்டும் துணி. அதுவும் நைந்துபோனால், நறுக்கி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் வாயடைத்துப்போய் இன்னும் ஐந்நூறு ஆடை கொடுத்தானாம். உலகத்தில் எறிவதென்று ஒன்று இல்லை, வேறோரிடத்தில் வைப்பதே உண்டு என்பதை அத்துறவிகள் அறிந்திருந்தனர். தீவில் வாழ்வோர்க்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? நிலப்பகுதியில் குப்பையை ஊருக்கு வெளியே தள்ளி மறந்துவிடலாம். தீவுக்கு வெளியே உள்ளது கடல்.

இவ்வாறு நாம் சொல்லிக்கொண்டு வருகையில், கதவோரம் குழந்தையை மடியில் வைத்திருந்த இளம் தாய் தணிந்த குரலில், "பாட்டி காலத்தில் துணிதான் கட்டினார்கள். துவைத்தது யார் என்று கேளுங்கள் ஐயா" என்றாள்.

சபை அமைதியாயிற்று. நமக்கும் சற்று நேரம் பேச்சு எழவில்லை. ஏனெனில் நாமும் மூன்று மக்களுக்குத் தந்தை. ஊரெங்கும் சென்று தம்மம் உரைத்த அந்நாட்களில் நம் மக்களின் துணி ஒன்றையேனும் நாம் துவைத்தோமா என்று நினைத்துப் பார்த்தோம். இல்லை. ஒரு நாளும் இல்லை. அந்தத் தாய் கேட்டது நம்மையும் சேர்த்தே.

ஆதலின் அன்பர்களே, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இயற்கையைக் காக்க விரும்பும் ஆடவர் பலர், அந்தக் காவலின் உழைப்பை வீட்டுப் பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டுத் தாம் புண்ணியம் தேடிக்கொள்கின்றனர். துணி கட்டு என்பது எளிது, துவைப்பது கடினம். நீர் பிடித்துவை என்பது எளிது; விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயடியில் நிற்பது கடினம். பிள்ளை பெற்று நூறு நாளும் ஆகாத உடம்பு அது. கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவற்றுள் அவளை மதித்தலை முதலாகவும் இழித்துரையாமையை இரண்டாவதாகவும் பகவான் வைத்தார். மதித்தல் வாயளவில் நிகழ்வதன்று. ஓடையைக் காக்க வேண்டுமென்று உமக்குத் தோன்றினால், தம்பி, வாளி உம் கையில் இருக்கட்டும்.

ஆயினும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. துணியைத் துவைக்க நீர் வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் நீர் இல்லை. குடத்து நீரைச் சமையலுக்கு வைப்பதா, துணி அலசுவதற்கு வைப்பதா? இங்கே கடுமையாகப் பேசுவது எளிது. கோடையிலும் துணியே கட்டு, இல்லையேல் நீ தீயவன் என்று சொல்லிவிட்டு நாம் விமானம் ஏறி வந்துவிடலாம். அது தம்மம் ஆகாது.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் இதற்கு விடை இருக்கின்றது. அதுவும் உங்கள் கடலிலேயே இருக்கின்றது. ஆதிரை என்னும் நல்லாளின் கணவன் சாதுவன். கணிகையிடமும் சூதிலும் கைப்பொருளை எல்லாம் இழந்து, மனைவியைத் துறந்து, வாணிகம் செய்யக் கப்பலேறினான். கப்பல் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி அவன் கரையேறியது நக்க சாரணராகிய நாகர் வாழும் மலைத்தீவு. நக்கவாரம் என்று சோழர் கல்வெட்டுக் குறிக்கும் நிக்கோபாரே அஃதென்று கருதும் அறிஞர் உளர். அம்மக்கள் மனிதரைத் தின்பவர் என்று புலவர் பாடினார். கப்பலோட்டிகள் சொன்ன கதையைக் கேட்டுப் பாடியது போலும். அதைக்கொண்டு இன்றுள்ள தீவின் தொல்குடிகளை அளத்தல் பெரும் பிழை. பேரலை வந்த நாளில் கடல் பின்வாங்கியது கண்டு மேட்டுநிலம் ஏறி உயிர் தப்பிய ஓங்கே மக்களிடமிருந்து கற்க வேண்டியவர்கள் குடியேறி வந்த நாமே.

அது நிற்க. சாதுவன் அம்மக்களின் மொழியை அறிந்திருந்தான். ஆதலின் உயிர் பிழைத்தான். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க, வேண்டாவென்று மறுத்து, வினைப்பயனையும் மறுபிறப்பையும் எடுத்துரைத்தான். தலைவன் முதலில் நகைத்தான். பிறகு, எங்களால் செய்ய இயன்ற அறம் ஏதேனும் உண்டாயின் சொல் என்றான். இங்கே சாதுவன் செய்ததே நமக்கு வேண்டுவது. நாளையிலிருந்து நீ துறவியாகிவிடு என்று அவன் சொல்லவில்லை. கப்பல் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதே. மூப்பினால் தானே இறந்த விலங்கைத் தவிர வேறு எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்றான். அவன் வாழும் மலைக்கும் அவன் வயிற்றுக்கும் பொருந்துமாறு அறத்தை அளந்து கொடுத்தான். தலைவன் ஏற்றான். பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் சாதுவன் ஊர் திரும்பி ஆதிரையோடு இல்லறம் நடத்தினான். பிறர்க்குத் தம்மம் சொன்னது அவனையே வீட்டுக்கு அழைத்துச்சென்றது என்று நமக்குத் தோன்றுகிறது. காப்பியத்தில் புலவர் அப்படிச் சொல்லவில்லை. இது நம் கருத்து.

உமக்கு இயன்ற அறம் எது? மழை பெய்யும் எட்டுத் திங்களும் பிள்ளைக்குத் துணியே கட்டலாம். உம் கூரை தகரம். அதன் ஓரத்தில் ஒரு தகட்டு வாய்க்கால் கட்டி, பட்டறையில் கிடைக்கும் பழைய பீப்பாய்களில், எண்ணெய் நாற்றம் போகக் கழுவியபின், நீர் பிடித்தால், பருவமழையில் ஒரு நாட்பொழிவே பலநாள் துவைப்புக்குப் போதும். கொசு புகாமல் வாயை மூடி வையும். நீர் தேக்கும் பாத்திரமே காய்ச்சலுக்கு விளைநிலமாகும். துவைத்த நீரை ஓடையில் விடாது வாழைக்கு விடும். பீப்பாய் வற்றிய கோடையில், இரவு ஒன்றோ இரண்டோ டயப்பர் கட்ட நேர்ந்தால் அதற்காக நெஞ்சு வருந்த வேண்டா. மடித்துக் கட்டி வைத்திருந்து, விடுமுறை நாளில் நீரே கீழே இறங்கிச் சென்று உரிய இடத்திற் சேர்த்துவிடும். இருளில் வீசாதிருத்தலே அங்கு அறம். நடுவழி என்று பகவான் சொன்னது ஏழைவீட்டுக் குளியலறைக்கும் சேர்த்தேயாகும்.

இராகுலன் சிறுவனாய் இருந்தபோது பகவான் அவனிடம், கண்ணாடி எதற்காக என்று கேட்டார். பார்ப்பதற்காக என்றான். அவ்வாறே செயலையும் மூன்று முறை பார் என்றார். செய்யுமுன் பார், செய்துகொண்டிருக்கையிற் பார், செய்தபின் பார். உனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ அது துன்பம் தருமா என்று பார். தந்துவிட்டதாயின் பெரியோரிடம் ஒளியாமல் எடுத்துச் சொல்லி, இனிச் செய்யாது காத்துக்கொள். நம் காலத்தார் பொருளை வாங்குமுன் ஒருமுறை பார்க்கின்றனர், விலை என்னவென்று. மூன்றாம் பார்வை, எறிந்தபின் பார்க்கும் பார்வை, எவருக்கும் இல்லை. அன்று மாலை ஓடைக்கரைக்கு நம்மை அழைத்துச் சென்ற இளைஞர் செய்தது அந்த மூன்றாம் பார்வையே. அதனால்தான் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இறுதியாக ஒரு தந்தையைப் பற்றிச் சொன்னோம். அந்தமானுக்குக் கிழக்கே நார்க்கொண்டம் என்றொரு தீவு தனித்து நிற்கின்றது. நெருப்பவிந்த எரிமலை, பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர், உயரம் 710 மீட்டர். நினைத்தவர் நினைத்தபோது செல்ல இயலாத இடம், நாமும் சென்றதில்லை. அங்கே ஓர் இருவாய்ச்சிப் பறவை வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அவ்வினம் இல்லை. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணினது கறுப்பு. ஈனும் பருவத்தில் பெண்பறவை முதிர்ந்த பெருமரத்தின் பொந்தினுள் புகுந்து, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அத்தனை நாளும் உணவு தருவது தந்தைப் பறவை. அத்திப்பழங்களையும் வேறு கனிகளையும் தொண்டையில் நிறைத்துக்கொண்டு வந்து பிளவின் வழியே ஒவ்வொன்றாக ஊட்டும், மீண்டும் பறக்கும். அது வாராவிடின் உள்ளிருக்கும் இரண்டு உயிர்க்கும் வேறு கதி இல்லை. அது தின்ற கனிகளின் விதைகள் தீவெங்கும் விழுந்து முளைக்கின்றன. தன் குஞ்சுக்கு ஊட்டப் பறக்கின்ற பறவை, தான் அறியாமலே குஞ்சின் குஞ்சுக்குக் காடு நடுகின்றது. பங்கு ஒப்படைத்தல் என்பதற்கு இதைவிட விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

அத்தீவு 1977இல் சரணாலயமாயிற்று. ஆயினும் அங்குக் காவலிருந்தோர் தம் உணவுக்கென்று கொண்டுசென்ற ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிட்டன. பின்னர் அவற்றை அகற்ற வேண்டி வந்தது. ராடார் நிலையம் ஒன்று அங்கு அமைக்கக் கேட்டபோது 2012இல் நடுவண் அரசு மறுத்தது; 2014இல் இசைந்தது. நாட்டுக் காவல் வேண்டாவென்று சொல்ல நாம் யார்? ஆனால் அங்கு ஒரு முதுமரம் சாயுமானால் அது யாருடைய தொட்டில் என்று முதலிற் பார்த்துவிடுதல் நன்று. ஆளவி நகரில் பிக்கு ஒருவர் குடில் கட்ட மரம் வெட்டினார். உமக்கு வீடு வேண்டி என் வீட்டை இடிக்காதீர் என்று அம்மரத்துத் தேவதை வேண்டியும் கேளாமல் வெட்ட, கோடரி அத்தேவதையின் குழந்தையின் கையிற் பட்டது. பெற்ற வயிறு அல்லவா! அவரைக் கொன்றுவிடலாம் என்று ஒரு கணம் எண்ணிற்று. பிறகு பொறுத்துக்கொண்டு பகவானிடம் சென்று முறையிட்டது. செடிகொடிகளை வெட்டுதல் பிக்குகளுக்குக் குற்றம் என்ற விதி அவ்வாறு பிறந்தது. தேவதை உண்டா இல்லையா என்று பகுத்தறிவுடைய நம் இளைஞர் கேட்பர். கேட்கட்டும். பொந்துக்குள் குஞ்சு இருக்கின்றது. அதை யாரும் மறுக்க முடியாது.

நாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மேற்கே வானம் கறுத்து வந்தது. குழந்தை விழித்து அழுதது. ஈரமாக்கிவிட்டது போலும். இளம் தாய் எழ முயன்றாள். அன்பர் நம்மையும் சபையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் குழந்தையைத் தம் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். பாட்டியார் "அவனுக்குக் கட்டத் தெரியாதே" என்று எழுந்தவர், மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தார். சற்று நேரம் கழித்து அவர் வந்தார். துணி கோணலாகத்தான் கட்டப்பட்டிருந்தது.

முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஓடையில் கிடந்தவை அனைவர் நினைவுக்கும் வந்தன. அன்பர் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுச் சாக்குப்பைகளோடு பின்புறம் ஓட, சபையிலிருந்த ஆடவர் நால்வரும் உடன் சென்றனர். நாமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். பதினொரு பைகள் நிறைந்தன. மேலேறி வந்து கைகால் கழுவி, நனைந்த உடையோடே திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிக் குழந்தைக்குப் பெயரிட்டபோது இரவு மணி எட்டு.